பனங்குறிச்சி ஸ்டேஷனின் முகம்

1

தில்லியில் இருப்பவளைப் புலம்பெயர்ந்தவள் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. டொராண்டோவில் இருக்கும் என் நாத்தனார் பனிக்குவியல் முன்னால் நின்று படம் அனுப்புவாள். பதிலுக்கு நான் ஜனக்புரி மூடுபனியைப் படம் எடுத்து அனுப்பினால், "அது புகைல்லா மதினி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

என்னிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை, விசா கேட்கவில்லை, வாஸ்தவம்தான். மற்றதெல்லாம் கேட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் வண்டிக்காரரிடம் கால் கிலோ கத்தரிக்காய் கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. விரலைக் காட்டினேன், அவர் தலையாட்டினார், கடைசியில் இரண்டு கிலோவைச் சுமந்துகொண்டு வீடு வந்தேன். என் வீட்டுக்காரர் சங்கரன் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். ஒரு வார்த்தை கோபமாகப் பேச மாட்டார். வாரக் கடைசியில்தான், "தில்லியில வேற காயே விளையாதா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார்.

அதெல்லாம் நடந்து இந்தத் தையோடு முப்பது வருஷம். தில்லியைப் பற்றி நான் எழுதுவதில் வெயிலும் குளிரும் வெங்காயமும் தவிர ஒன்றும் இல்லை என்று ஊரில் அக்கா குறைப்படுகிறாள். இந்தத் தடவை வேறு விஷயம். நான் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டினேன். நாலு பேர் பார்க்கக் கண்காட்சியிலும் வைத்தேன். வைக்கிற நேரத்தில் என்ன கூத்து நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

2

எல்லாம் கொலுவில் ஆரம்பித்தது. எங்கள் குடும்பத்தில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. தில்லித் தமிழ்ப் பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எனக்குப் பொம்மைகளைவிடப் படிக்குப் பக்கத்தில் தரையில் போடும் பூங்காவில்தான் மோகம். கண்ணாடித்துண்டு வைத்துக் குளம், மண்ணைக் குவித்து மலை, அதைச் சுற்றி பாட்டரியில் ஓடும் ஒரு பொம்மை ரயில். வருஷா வருஷம் படிகள் குறைந்தன, பூங்கா வளர்ந்தது. ஒரு வருஷம் சோபாவை வெளியே போட வேண்டியதாயிற்று.

அந்த வருஷம்தான் எங்கள் தெருக்கோடி வீட்டு குர்மீத் ஜி மனைவியோடு சுண்டலுக்கு வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சர்தார்ஜி. முட்டிவலிக்காரர், மாடிப்படியைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர். அவர் சுண்டல் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து என் பூங்காவைப் பார்த்தார். நான் பயந்துவிட்டேன்.

"பாபிஜி, யே காஸ் கைசே பனாயா?" என்றார். அண்ணி, இந்தப் புல்லை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்தது. மரத்தூளுக்கு இந்தியில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. "லக்டி கா ஆட்டா" என்றேன். மர மாவு. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குர்மீத் ஜி சிரிக்கவில்லை. மர மாவை எந்தச் சல்லடையில் சலித்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டார்.

மறுநாள் தன் வீட்டுப் பேஸ்மென்ட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கைப் போட்டார். அறை முழுக்க ரயில். பொம்மைக் கடை ரயில் இல்லை. நிஜ எஞ்சினை அப்படியே ஒரு சாண் நீளத்துக்குச் சுருக்கியது போல ஒவ்வொன்றும். தில்லியில் இதற்கென்றே ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வங்கிக்காரர், பல் டாக்டர், பள்ளி ஆசிரியர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு ரயில் ஓட்டத் தெரியும், மின்கம்பி இணைக்கத் தெரியும். மரம் செடி செய்யத்தான் ஆள் இல்லை.

அவர்கள் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு பலகையில் தனக்குப் பிடித்த இடத்தைச் செய்வார். ஒருவர் கோதுமை வயல் செய்வார், ஒருவர் ஆற்றுப் பாலம் செய்வார். கண்காட்சியன்று எல்லாப் பலகைகளையும் வரிசையாகக் கோத்து ஒரு பெரிய வட்டமாக்கி, அதில் ரயில் விடுவோம். பார்க்க வருகிறவர்கள் வட்டத்துக்கு வெளியே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். ரயில் ஓட்டும் நாங்கள் வட்டத்துக்கு உள்ளே. எல்லோர் தண்டவாளமும் ஒன்றோடு ஒன்று சேர வேண்டுமே, அதனால் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. வெளி விளிம்பிலிருந்து நாலு அங்குலம் தள்ளித் தண்டவாளம். மற்றபடி உங்கள் பலகை, உங்கள் ராஜ்ஜியம்.

நாலு வருஷம் நான் அடுத்தவர்கள் ராஜ்ஜியத்தில் மரம் நட்டேன். பல் டாக்டர் மித்ரா வங்காளி. அவர் செய்த குளத்துக்கு நான் ஆகாயத்தாமரை செய்து கொடுத்தபோது, கையில் எடுத்துப் பார்த்து அவர் கண் கலங்கியதை இன்னும் மறக்கவில்லை. போன தீபாவளி முடிந்ததும் குர்மீத் ஜி ஒரு வெறும் பலகையைச் சட்டமடித்துக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். வெளி விளிம்பில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். "இனி உங்கள் ஊர்" என்றார். நான் சங்கரனைப் பார்த்தேன். அவர், "அப்ப சாப்பாடு?" என்றார்.

3

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டு நடுவில் பனங்குறிச்சி. ஊர் என்று சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது ஊர் இல்லை. என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், தடம் மாற்றிவிடுகிற வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக நாலு குவார்ட்டர்ஸ், அதில் மூன்றாவது எங்கள் வீடு. பழைய தண்டவாளத்தை வெட்டி நட்ட வேலி. துணி துவைக்கிற கல்லுக்குப் பதில் ஒரு பழைய ஸ்லீப்பர் கட்டை, வெயில் ஏறினால் தார் மணக்கும். அம்மா துணி காயப்போட்டால் ரயில் போகிற திசையில் எல்லாச் சேலையும் ஒரு தடவை எழும்பி அடங்கும். அப்பாவுக்கு டியூட்டி என்றால் பிளாட்பாரம் பக்கம் தலைவைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் எங்களுக்கு ஸ்டேஷன் என்றால் அதன் முதுகுதான்.

அந்த முதுகைத்தான் செய்தேன். கரிசல் மண்ணுக்குக் காய வைத்த டீத்தூள். ஜனவரிக் குளிரில் டீத்தூள் எங்கே காய்கிறது? ரூம் ஹீட்டர் முன்னால் தாம்பாளத்தில் பரப்பி வைத்தேன். மனிதர்கள்தான் பெரிய தொல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற வெள்ளைப் பிளாஸ்டிக் ஆட்கள், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். எல்லோரும் கோட்டு போட்டிருப்பார்கள். டிஷ்யூ காகிதத்தைப் பசையில் நனைத்து ஒவ்வொருத்திக்கும் சேலை கட்டிவிட்டேன். கொசுவம் வைக்க ஊசிமுனை வேண்டும், மூச்சை அடக்க வேண்டும். அம்மாவைக் குழாயடியில் நிறுத்தினேன், அக்காவைத் துணிக்கொடியடியில் நிறுத்தினேன், அப்பாவை வேலி இடைவெளியில் பச்சைக்கொடியோடு நிறுத்தினேன்.

இவ்வளவும் யாருக்காக என்றால், கயலுக்காக. எங்களுக்கு ஒரே பெண், கயல்விழி. தில்லியில் பிறந்து வளர்ந்தவள். குர்காவ்ன் அலுவலகத்தில் அவளை 'கேல்' என்று கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்புகிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டாள். பதினொரு வயதில் பனங்குறிச்சிக்குக் கூட்டிப் போனேன். அதற்குள் குவார்ட்டர்ஸை இடித்திருந்தார்கள், பழைய ஸ்டேஷனும் போய்ப் புதுக் கட்டிடம் வந்திருந்தது. வெயிலில் நின்று சுற்றிப் பார்த்தவள், "இங்க குச் பி நஹீன் ஹை மா" என்றாள். இங்கே ஒன்றுமே இல்லையாம். குழந்தை பொய் சொல்லவில்லை. காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லைதான். ஆனால் எனக்கு அது உள்ளே தைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அங்கே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இப்போது அவளுக்கு டப்ளினில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் கிளம்புகிறாள். கிளம்புமுன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. கண்காட்சிக்கு வா என்று போனில் சொன்னேன்.

"சண்டே வரேன் மா, பக்கா."

"எத்தனை மணிக்கு?"

"டைம் எல்லாம் கேக்காத. வரேன்னு சொல்லிட்டேன்ல."

4

நடுவில் ஹால் பிடித்த கதை ஒன்று உண்டு. ஒரு சமூகக்கூடத்தை வாடகைக்குக் கேட்டு விண்ணப்பம் போட்டோம். அங்கிருந்த குமாஸ்தா தங்கமானவர், ஆனால் அவர் கம்ப்யூட்டரில் கல்யாணம், மதம், விளையாட்டு, கலாச்சாரம் என்று நாலு கட்டம்தான். இது எதில் வரும் என்று கேட்டார். விளையாட்டு என்றார் டாக்டர் மித்ரா. அப்படியானால் வீரர்களின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார் குமாஸ்தா. எங்கள் ஆட்களின் வயதைப் பார்த்தால் அது நடக்காத காரியம். அப்படியென்றால் மதம் என்று போடுங்கள் என்றார் குர்மீத் ஜி, அவர் மனைவி அதை ஆமோதித்தார். கடைசியில் கலாச்சாரம் ஆனோம். கலாச்சாரத்துக்குக் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்கும் என்னிடம்தான் வந்து நின்றார்கள்.

இப்படி எதற்கெடுத்தாலும் என்னிடம் வந்து நிற்கிறார்களே என்று வெளியே அலுத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். இந்த ஊரில் முதல் பத்து வருஷம் யாரும் என்னிடம் எதற்கும் வந்ததில்லை.

5

வெள்ளிக்கிழமை மத்தியானம் பலகைகளைக் கோக்கும் வேலை. முடியும்வரை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று வீம்பாக இருந்தவள் நான். போர்வை போர்த்தித்தான் டெம்போவில் ஏற்றினேன். ஹாலில் மேஜைகள் வட்டமாக நின்றன. குர்மீத் ஜியும் டாக்டரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, சிவப்புக்கோடு வெளியே இருக்கும்படி என் பலகையை அதன் இடத்தில் வைத்தார்கள். தண்டவாளம் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போர்வையை எடுத்தேன்.

குர்மீத் ஜி கயிற்றுக்கு வெளியே போய் நின்றார், நானும் போனேன்.

கயிற்றுக்கு வெளியே, நாளைக்கு ஜனங்கள் நிற்கப்போகும் இடத்தில் இருந்து பார்த்தால், என் பனங்குறிச்சி தெரியவே இல்லை. ஒரு பிளைவுட் சுவர் தெரிந்தது. அதில் பிளைவுட் அறுத்துக் கொடுத்த தச்சர் பென்சிலில் எழுதிய கணக்கு தெரிந்தது.

"பாபிஜி," என்றார் குர்மீத் ஜி மெதுவாக, "ஆஸ்மான் உல்டா லக் கயா."

வானம் பக்கம் மாறி நிற்கிறது என்றார். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நாலு அங்குலத்தைச் சரியாகத்தான் அளந்தேன். ஆனால் வீட்டில் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் செய்தேன். வேறு பக்கத்திலிருந்து எனக்கு அந்த ஸ்டேஷனைத் தெரியாது. எனக்கு முன்னால் வீடுகள், அதற்கப்பால் ஸ்டேஷன் முதுகு, அதற்கப்பால் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அப்பால் எங்களுக்கு எப்போதும் வானம்தான், அதனால் அங்கே ஒரு தட்டியடித்து வானம் வரைந்துவிட்டேன். கொலு வைத்துப் பழகிய கைக்குப் பின்னால் ஒரு சுவரும் வேண்டும். ஜனங்கள் அந்த வானத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார்கள் என்பது மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட என் மண்டையில் ஏறவில்லை.

பலகையைத் திருப்பி வைக்கவும் முடியாது, தண்டவாளம் சேராது. வானத்தைக் கழற்றலாம். கழற்றினால் ஜனங்களுக்கு ஸ்டேஷனின் பிளாட்பாரப் பக்கம் தெரியும். அந்தப் பக்கத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை. என் இடத்திலிருந்து தெரியாதே என்று வெறும் அட்டையாக விட்டிருந்தேன். சன்னல் இல்லை, கதவு இல்லை, ஒரு கோடு இல்லை. நான் மூச்சடக்கிக் கட்டிய சேலைகளெல்லாம் வட்டத்துக்கு உள்ளே, ரயில் ஓட்டுகிறவர்களின் வயிற்றுக்கு நேரே.

டாக்டர் மித்ரா தயங்கித் தயங்கி, ஒரு வெறும் பலகை உபரியாக இருக்கிறது, இந்த வருஷம் அதைப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் இதைச் சரிசெய்து கொண்டுவரலாமே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டத்தான் நினைத்தேன். "மேரீ பேட்டீ ஆ ரஹீ ஹை" என்று வாயில் வந்துவிட்டது. என் பெண் வருகிறாள் என்றேன். ஐம்பத்துநாலு வயதில் ஒரு பொம்மை வேலைக்காக நாலு ஆண்கள் முன்னால் அழுதேன். அழுகை வந்தது, அழுதேன், அவ்வளவுதான்.

குர்மீத் ஜி என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "பிட்டியா வருகிறாள் என்றால் பலகை இருக்கும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வானத்தைக் கழற்ற ஆரம்பித்தார். ஹால் பூட்ட இன்னும் சாயங்காலம் முழுக்க இருந்தது.

6

"முன்பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்கள். தூரிகையும் பெயிண்ட்டும் தயார். எனக்குத் தெரியவில்லை. வெளியூருக்குப் போகும்போது பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறேன்தான். நின்றவள் ரயில் வருகிற திசையைப் பார்த்தேன். கட்டிடம் எனக்குப் பின்னால் இருந்தது. கோவில்பட்டியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏக்கா, நம்ம ஸ்டேஷன் முன்பக்கம் எப்படி இருக்கும்?"

"எந்த முன்பக்கம்?"

"பிளாட்பாரத்துப் பக்கம். வாசல் எத்தன, சன்னல் எத்தன?"

"அது எவளுக்குட்டி தெரியும்? நாம வேலி வழியால்லா போவோம்." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு மணி தொங்கும்."

"பாத்திருக்கியா?"

"காதால கேட்டிருக்கேன்லா."

அக்கா கணக்கு அதோடு முடிந்தது. குர்மீத் ஜி தன் சின்ன வயதில் அம்பாலா பக்கம் பார்த்த ஒரு ஸ்டேஷனை நினைத்துக்கொண்டு அட்டையின் ஓரத்தில் ஒரு வாசலுக்குப் பென்சில் கோடு போட்டார். டாக்டர் தன் ஊர் ஸ்டேஷனின் பச்சைச் சன்னல் கதவுகளை வரையலாமா என்று கேட்டார். எதையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் சங்கரன் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். இந்த வேலையை அவர் எப்போதும் 'பொம்மைக் கல்யாணம்' என்றுதான் சொல்வார். எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தவர் குர்மீத் ஜியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அங்க வாசல் கிடையாதே" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அங்கதான உக்காந்திருந்தேன். திரும்பிப் போற வண்டி லேட்டு. எங்கம்மாவும் மாமாவும் தூங்கிட்டாங்க. எதிர்ல அந்தக் கட்டிடத்தத் தவிர பாக்க வேற என்ன இருந்துது?"

பென்சிலை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. பிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார், தமிழும் இந்தியும் கலந்து. மூன்று வளைவு. நடு வளைவில்தான் உள்ளே போகிற வழி. இடதுபக்கம் டிக்கெட் சன்னல், கம்பி போட்டது. வலதுபக்கம் எடை பார்க்கிற மிஷின். அதில் காசு போட்டாராம், சீட்டு வரவில்லையாம். மணி தொங்குமாமே என்று கேட்டேன். மணி இல்லை, ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரில் கீழே பாதிக்குக் காவி, மேலே மஞ்சள். அப்புறம் ஒரு பெஞ்சு, அதில் ஒரு சட்டம் உடைந்திருந்தது, அதில் அவர் வேட்டி மாட்டிக் கிழிந்ததாம்.

"வேட்டி கிழிஞ்சுதா? ஒருநாளும் சொல்லலையே?"

"நீ கேக்கலையே."

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எங்கள் ஸ்டேஷனுக்கு முகம் இருந்தது என்பதும், அது இவருக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதது, ஒரே ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

டாக்டர் மித்ரா பல்லைக் குடைகிற கருவியை எடுத்து மூன்று வளைவுகளையும் அட்டையில் அறுத்தார். எனக்கு உடைந்த பெஞ்சு வந்தது, அது நுணுக்க வேலை. பெயர்ப்பலகையில் பனங்குறிச்சி என்று தமிழில் எழுதினேன். கீழே இந்தியில் எழுதியே தீர வேண்டும், அதுதான் ரயில்வே முறை என்று குர்மீத் ஜி அடம்பிடித்துத் தானே எழுதினார். அவ்வளவு சின்ன எழுத்தில் 'ச்சி' கூடி வராமல் நாலு தடவை அழித்து எழுதினார். காவலாளி சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றபோது காவி நிறம் இன்னும் காயவில்லை.

7

சனிக்கிழமை வந்த கூட்டத்துக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. ஒரு பெரியவர் எடை மிஷினைக் காட்டித் தன் பேரனுக்கு என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே, கையில் கண்ட்ரோலரோடு, என் அம்மாவின் குழாயடிக்கு நேராக நின்றேன். ரயில் ஓட்டும்போது எனக்கு முன்னால் குவார்ட்டர்ஸ், அதற்கப்பால் ஸ்டேஷன், அதற்கப்பால் ரயில். நான் வானம் வைத்திருந்த இடத்தில் தில்லி ஜனங்களின் முகங்கள் வரிசையாக இருந்தன. எனக்கு அது பழகிவிட்டது. வானத்தைவிட நன்றாகவே இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கயல் வரவில்லை. மத்தியானம் போன் எடுக்கவில்லை. சங்கரன் இரண்டு தடவை வாசல்வரை போய்விட்டு வந்தார். கூட்டம் கலைய ஆரம்பித்து, பக்கத்து மேஜையில் ஒருவர் எஞ்சின்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிய பிறகு, கயிற்றுக்கு வெளியே அவள் தலை தெரிந்தது. எல்லாப் பலகைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் ஸ்டேஷன் முன்னால் நின்றாள், அதையும் பார்த்தாள், பெயர்ப்பலகையில் இந்தியைப் படித்தாள். "நைஸ் மா" என்றாள். அடுத்த பலகைக்கு நகரப் போனாள்.

டாக்டர் மித்ராதான் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "பேட்டா, நீ வீட்டு ஆள். உள்ளே வா" என்றார்.

கயல் குனிந்து உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள். "சாரி மா, மெட்ரோல பஹுத் கூட்டம்" என்றவள், பலகையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் மேஜை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"இது யாரு?"

"ஆச்சி. தண்ணி பிடிக்கா."

"புடவை எல்லாம் நிஜமா கட்டியிருக்கு?"

"நான்தான் கட்டினேன்."

"இது தாத்தா, கொடி வெச்சிருக்கு. ரைட்?" தாத்தாவை 'வெச்சிருக்கு' என்றாள். இன்னொரு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன். "அப்ப இது பெரியம்மாவா? இவ்ளோ ஸ்லிம்மா?"

"அப்ப ஸ்லிம்தான்."

அவள் விரல் ஒவ்வொரு வீடாக, தொடாமல், மேலேயே நகர்ந்து போனது. கோழிகளை எண்ணினாள். தார்க்கட்டையை முகர்ந்துகூடப் பார்த்தாள். திரும்ப முதல் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீ எங்க மா இதுல?"

நான் பார்த்தேன். அம்மா, அப்பா, அக்கா, பக்கத்து வீட்டு ஆட்கள், கோழி, ஆடு. எல்லோருக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதம் உட்கார்ந்து செய்ததில் என்னைச் செய்யவே எனக்குத் தோன்றவில்லை.

"நான் இல்லடி."

"க்யோன் மா, ஏன்?"

"எங்க வீட்டுப் பின்வாசப் படியில உக்காந்துதான் நான் இதெல்லாம் பாத்துக்கிட்டு இருப்பேன். பாக்கிறவ எப்படி அதுல தெரிவா?"

கயல் என்னைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் இருந்த என் டப்பாவை இழுத்துத் திறந்தாள். இன்னும் பெயிண்ட் அடிக்காத வெள்ளை ஆட்கள் நாலைந்து பேர் அதில் கிடந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கையில் பெட்டி வைத்திருந்த ஒரு பெண்ணை எடுத்தாள். மூன்றாவது வீட்டின் பின்வாசல் படியில், எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்கும் நேராக, அந்தப் பெண்ணை நிறுத்தினாள். அது விழுந்தது. திரும்ப நிறுத்தினாள்.

"இது யாரு, நானா?" என்றேன்.

"இப்ப நீ," என்றாள் கயல், கண்ணை எடுக்காமல். "ஏப்ரலுக்கு அப்புறம் நான்."

நான் பசைக் குப்பியைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.